திரையில் இரண்டு 24.6

வெள்ளைத் துணித் திரையில் இரண்டு வரிகள் தெரிந்தன.

முதல் வரியில் பாக்கார் ஆராங் குழு, 24.6. இரண்டாம் வரியில் திகாம் பத்து குழு, 24.6. முதல் வரிக்கு முன்னால் 1 என்றும் இரண்டாம் வரிக்கு முன்னால் 2 என்றும் போட்டிருந்தது.

பிற்பகல் நாலு மணி இருக்கும். செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து வந்த சூடான காற்றில் திரை உப்பி உப்பி அடங்கியது. உறுமி அடித்து முடித்த பையன்கள் மேடைக்குக் கீழே இரண்டு கும்பலாக நின்றார்கள். எல்லாருடைய சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது. விளக்கெண்ணெய் வாசனையும் சாம்பிராணிப் புகையும் கலந்து வந்தன.

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து கேட்டார்.

"சார், ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? அப்புறம் எப்படி லா ஒண்ணு, ரெண்டு?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மைக் என் கையில் இருந்தது.

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும். இந்தத் தொடரில் இதுவரை எழுதியவற்றில் நான் பெரும்பாலும் நல்லவனாகவே வந்திருக்கிறேன். கஷ்டப்பட்டுப் படித்தவன், வாத்தியார், மனைவியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன். எல்லாம் உண்மைதான். ஆனால் நடந்ததில் எதை எழுதுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தவன் நான்தானே.

தோட்டம் போன பிறகு

நான் பிறந்த ரப்பர் தோட்டம் திகாம் பத்து என்ற சிற்றூரிலிருந்து உள்ளே போகும் மண்சாலையில் இருந்தது. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். பிறகு தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். பாதிக் குடும்பங்கள் திகாம் பத்தில் மலிவு விலை வீடுகளுக்குப் போயின. மீதிப் பாதி சுங்கைப் பட்டாணி டவுனுக்கு வந்து, பாக்கார் ஆராங்கில் வீடு எடுத்துத் தொழிற்சாலை வேலைகளில் சேர்ந்தது. நான் அதற்கு முன்பே படித்து வெளியேறி, கல்லூரி ஒன்றில் கணினி நிரல் சொல்லிக்கொடுக்கும் விரிவுரையாளராகி, பாக்கார் ஆராங்கில் வீடு வாங்கியிருந்தேன்.

மாரியம்மன் கோவில் மட்டும் அங்கேயே நின்றது. நாலா பக்கமும் செம்பனை, நடுவில் கோபுரம். வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பி வருவோம். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்த பாதையில் அன்று காடிகள் வரிசை பிடித்து நிற்கும்.

ஆனால் வந்த கூட்டம் மெல்ல மெல்ல இரண்டாகிக்கொண்டிருந்தது. திகாம் பத்தில் இருந்தவர்கள் பாக்கார் ஆராங்குக்காரர்களை 'டவுன்காரங்க' என்றார்கள். அவர்கள் இவர்களை 'இன்னும் அங்கேயே கெடக்கிறவங்க' என்றார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவில் பிறந்தவர்கள், சாப்பாட்டுப் பந்தியில் தனித்தனி மேசையில் உட்கார்ந்தார்கள்.

திருவிழாவில் உறுமி மேளப் போட்டி உண்டு. ஜெயிக்கிற குழு அடுத்த வருடம் தேருக்கு முன்னால் அடித்துக்கொண்டு போகும். இரண்டாவதாக வந்த குழு தேருக்குப் பின்னால் வரும். சின்ன வித்தியாசம் என்று நினைக்கலாம். முன்னால் போகிறவர்கள் அம்மன் முகத்தைப் பார்த்துப் பின்னோக்கி நடந்தபடி அடிப்பார்கள். பின்னால் வருகிறவர்களுக்குத் தேரின் முதுகும் ஜெனரேட்டர் புகையும்தான் கிடைக்கும்.

ஒரு விதி இருந்தது. இரண்டு குழுவுக்கும் சம மார்க்கு வந்தால், இரண்டும் சேர்ந்து முன்னால் போக வேண்டும். அது ஒரு வருடமும் நடந்ததில்லை.

"ஒரே ஒரு வருஷம் சமமா வந்துட்டா போதும்டா சிவம்," என்று என்னோடு படித்த ராமையா என்னிடம் சொல்வார். "ரெண்டு பயலுங்களும் ஒரே வேகத்துல அடிச்சுப் பழகிட்டா, அப்புறம் யாரு பிரிக்கிறது?"

போட்டியில் மார்க்குக் கூட்டி எழுதுகிற வேலை ராமையாவுடையது. முப்பது வருடத்துக்கு மேல் அவர் கையில் இருந்தது. நினைத்திருந்தால் ஏதாவது ஒரு வருடம் ஓர் எண்ணைத் தள்ளிப் போட்டு அந்தச் சமத்தை அவரே உண்டாக்கியிருக்கலாம். செய்யவில்லை. இதை நான் இப்போது அழுத்திச் சொல்கிறேன். சொல்ல வேண்டிய நாளில் சொல்லவில்லை.

புள்ளி வைக்காத கணக்கு

ராமையாவும் நானும் ஒரே வருடம் தோட்டப் பள்ளியில் சேர்ந்தோம். ஆறாம் வகுப்போடு அவர் நின்றுவிட்டார். பால் கொட்டகையில் எடை எழுதுகிற வேலை கிடைத்தது. மரம் சீவுகிறவர்கள் வாளியில் கொண்டுவரும் ரப்பர் பாலை நிறுத்து, ஆளுக்கு ஆள் பேரேட்டில் எழுதும் வேலை. அதனால் ஊரில் அவருக்குக் 'கிராணி', அதாவது கணக்குப்பிள்ளை, என்று பெயர்.

அந்தக் கொட்டகையின் வாடை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. புளித்த பாலும் அமிலமும் ஈரச் சாக்கும். மேசை, பேனா, பேரேடு எல்லாவற்றிலும் பால் தெறித்திருக்கும். காய்ந்தால் தோல் மாதிரி உரியும். உரியும்போது எழுத்தையும் கொண்டுபோய்விடும்.

ராமையா புள்ளி வைத்து எழுதவே மாட்டார். பன்னிரண்டு புள்ளி நாலு கிலோ என்றால் 124 என்றுதான் எழுதுவார். எல்லாவற்றையும் முழு எண்ணாகவே கூட்டி, கடைசியில் மொத்தத்தில் மட்டும் ஒரே ஒரு புள்ளி வைப்பார்.

"புள்ளி என்னாடா புள்ளி? நெத்தியில வைக்கிற பொட்டு மாதிரி. வேர்வை பட்டா போச்சு," என்பார். "பால் உரியிறப்ப புள்ளியும் சேர்ந்து போயிட்டா, பன்னெண்டு புள்ளி நாலு நூத்தி இருபத்து நாலா ஆயிரும். மொதல்லயே வைக்காம விட்டுட்டா போறதுக்கு ஒண்ணும் இல்ல பாரு."

உறுமிப் போட்டியிலும் அப்படித்தான். நீதிபதிகள் மூன்று பேர் பத்துக்கு மார்க்குப் போடுவார்கள். ஒருவர் 8.1 கொடுத்தால் ராமையா 81 என்று எடுத்துக்கொள்வார். கண்ணை மேலே தூக்கி உதட்டை ஒருமுறை அசைப்பார். விடை வந்துவிடும்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முன்பொரு காலத்தில் ஒரு நீதிபதி குறைவாக மார்க்குப் போட்டார் என்று, அவருடைய மோட்டார் சைக்கிளின் இரண்டு டயரிலும் யாரோ ஆணி அடித்துவிட்டார்கள். மனிதர் சுங்கைப் பட்டாணி வரை தள்ளிக்கொண்டே போனார். அதிலிருந்து எந்த நீதிபதி எவ்வளவு போட்டார் என்று வெளியே சொல்வதில்லை. மொத்தத்தை மட்டும் அறிவிப்போம். அறிவித்த கையோடு மார்க்குச் சீட்டுகளை அம்மனுக்கு முன்னால் இருக்கும் தீச்சட்டியில் போட்டுவிடுவோம். அதோடு பேச்சு முடிந்தது.

என் புரோகிராம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் எனக்குக் கை துறுதுறுத்தது. கோவில் கூட்டத்தில் நானாகவே எழுந்து, "மார்க்குக் கூட்ட நான் ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன். எல்லாரும் திரையிலேயே பார்க்கலாம்," என்றேன். கைதட்டினார்கள். 'நம்ம தோட்டத்துப் பிள்ளை கம்ப்யூட்டர் வாத்தியார்' என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை. அதைக் கேட்பதில் எனக்கு அதைவிடப் பெருமை.

ராமையா மட்டும் கேட்டார். "ஏண்டா, ரெண்டு குழு, ஆளுக்கு மூணு மார்க்கு. இதுக்குப் போயி கம்ப்யூட்டரா? கொசு அடிக்க லோரி கொண்டாற மாதிரி இருக்கு."

"உனக்கும் வயசாகுதுல்ல? கண்ணு மங்குற வயசு," என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

அவர் அதற்கும் சிரித்தார். "சரி, நீ அடி. நான் பக்கத்துல ஒக்காந்து பழக்கதோஷத்துக்குக் கூட்டிக்கிறேன்."

புரோகிராமில் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று மார்க்கையும் கூட்டும். எது பெரியது என்று ஒப்பிடும். சமமாக இருந்தால் இரண்டுக்கும் 1 போடும். திரையில் காட்டும்போது ஒரு தசமத்தோடு நிறுத்திக் காட்டும். நான் இரண்டு, மூன்று, நாலு என்று முழு எண்களை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். சரியாக வந்தது. தசமம் வைத்துச் சோதிக்கவில்லை.

மைக்கில் சொன்ன பதில்

இப்போது மேடைக்குத் திரும்புகிறேன்.

அந்த அம்மாள் கேட்டுவிட்டு நிற்கிறார். நான் திரையைப் பார்த்தேன். இரண்டு 24.6. பக்கத்து நாற்காலியிலிருந்து ராமையா என் முழங்கையைத் தொட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"டேய், சமம்டா," என்றார் மெதுவாக. "மூணும் அதே மூணுதான். திகாம் பத்துக்கு எம்பத்தொண்ணு, எம்பத்திரெண்டு, எம்பத்திமூணு. பாக்கார் ஆராங்குக்கு எம்பத்திமூணு, எம்பத்திரெண்டு, எம்பத்தொண்ணு. முன்னும் பின்னுமா இருக்கு, அவ்வளவுதான். ரெண்டும் எரநூத்தி நாப்பத்தாறு. சமம்னு சொல்லு. மைக்குல சொல்லு."

அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் இப்படி வந்தது, எந்த வரியில் தவறு, எல்லாம் தெரிந்துவிட்டது. இதை மறைக்க எனக்கு வழியில்லை. பின்னால் யோசித்துத்தான் புரிந்தது என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொய்யாகிவிடும். அங்கேயே தெரிந்தது.

அப்போதே "மன்னிக்கவும், புரோகிராமில் தப்பு" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் சிரித்திருப்பார்கள். யாராவது 'பேசாம கிராணியையே எழுத விட்டிருக்கலாம்' என்று கிண்டல் செய்திருப்பார்கள். அவ்வளவுதான்.

அந்தக் கிண்டல் ஒன்றுக்குப் பயந்து மைக்கில் இப்படிச் சொன்னேன்:

"அம்மா, நம்ம கண்ணுக்கு ஒரு புள்ளிதான் தெரியுது. கம்ப்யூட்டர் அதுக்கும் உள்ள போயிப் பார்க்கும். ரொம்ப நுணுக்கமான வித்தியாசத்துல பாக்கார் ஆராங் முன்னுக்கு இருக்கு."

"ஓ, அப்படியா சார்!" என்று அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். பாக்கார் ஆராங் பையன்கள் துள்ளிக் குதித்தார்கள். உறுமி ஒன்று மாடு கத்துவது போல் முழங்கியது.

ராமையா எழுந்து நின்றார்.

"உள்ள என்னாடா இருக்கு? நீதிபதி போட்டதே ஒரு புள்ளிதானே? போடாதது எங்கிருந்து வரும்?" இப்போது அவர் குரல் மெதுவாக இல்லை. "சீட்டு ஒங்கையிலதான் இருக்கு. ஒரு தடவை எல்லாருக்கும் படிச்சுக் காட்டு."

எந்தப் பேராசிரியரும் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. கூட்டத்திலிருந்து ஒருவன் எனக்காகப் பதில் சொன்னான்.

"என்னா கிராணி, ஒங்க ஆளுங்க தோத்தவொடனே வலிக்குதா?"

ராமையாவின் வீடு திகாம் பத்தில். அது அப்போதுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது போலிருந்தது.

இன்னொரு குரல் வந்தது. "முப்பது வருஷமா இப்படித்தான் கூட்டிக்கிட்டு இருந்தாரோ? யாரு கண்டா!"

சிரிப்பு. ராமையா கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'அவரை அப்படிச் சொல்லாதீங்க' என்றாவது சொல்ல வேண்டும்.

நான் ஆறு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, அம்மன் முன்னால் போய், வழக்கப்படி தீச்சட்டியில் போட்டேன். மஞ்சள் காகிதம். ஓரம் சுருண்டு கறுத்து உடனே போய்விட்டது. விரல் நுனியில் சூடு பட்டது.

திரும்பி வந்தபோது அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. அன்னதானத்துக்கும் அவர் நிற்கவில்லை.

கரும்பலகையில் நான் சொல்லிக்கொடுத்தது

நடந்தது என்ன என்று கணினி தெரியாதவர்களுக்கும் புரியச் சொல்கிறேன்.

உங்களிடம் அரைக் கோப்பை, கால் கோப்பை, அரைக்கால் கோப்பை என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும் அளவைகள் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை வைத்துப் பத்தில் ஒரு பங்கு மாவைச் சரியாக அளந்து தர முடியுமா? கிட்டத்தட்ட வரும். இன்னும் சின்ன கோப்பை எடுத்தால் இன்னும் கிட்ட வரும். சரியாக மட்டும் வராது. கணினி தசமங்களை வைத்திருப்பது அப்படித்தான். 8.1 என்று தட்டினால் அது வைத்துக்கொள்வது 8.1 அல்ல, அதற்கு மிக மிகப் பக்கத்தில் இருக்கும் வேறொன்று. கூட்டும்போது ஒவ்வொரு படியிலும் பிசிறை வெட்டிவிடும். எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து வெட்டுவதும் மாறும்.

8.3, 8.2, 8.1 என்ற வரிசையில் கூட்டினால் 24.6 வரும். 8.1, 8.2, 8.3 என்ற வரிசையில் கூட்டினால் 24.599999999999998 வரும். என் புரோகிராம் கண்ட 'நுணுக்கமான வித்தியாசம்' இதுதான். உறுமிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதல் நீதிபதியும் மூன்றாம் நீதிபதியும் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் திகாம் பத்து ஜெயித்திருக்கும்.

இதை நான் கல்லூரியில் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுப்பேன். இரண்டு தசமங்கள் சமமா என்று நேரடியாகக் கேட்காதே, இடையில் எவ்வளவு தூரம் என்று கேள், மிகக் குறைவாக இருந்தால் சமம் என்று வைத்துக்கொள். அல்லது பத்தால் பெருக்கி முழு எண்ணாக்கிக்கொண்டு கூட்டு. பரீட்சையில் தவறாமல் ஒரு கேள்வி வைப்பேன். தப்பாக எழுதியவர்களின் தாளில் சிவப்பு மையால் பெரிதாகச் சுழிப்பேன்.

ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். "அப்ப கம்ப்யூட்டருக்குக் கணக்கு வராதா சார்?"

"வரும்மா. நாம் பார்த்து எழுதாவிட்டால்தான் வராது," என்றேன். வகுப்பே சிரித்தது.

பத்தால் பெருக்கி முழு எண்ணாக்கிக் கூட்டு. பட்டம் வாங்கிய நான் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்ததும், ஆறாம் வகுப்புப் படித்த ராமையா பால் கொட்டகையில் செய்ததும் ஒன்றுதான்.

திருவிழா முடிந்து இரண்டாம் நாள் காலை, புரோகிராமைத் திருத்திவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வருடம் அது ஒழுங்காக வேலை செய்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

சனிக்கிழமைகள்

அதற்கு முன்னால் சனிக்கிழமை காலை என்றால் ராமையா மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கு வருவார். வழியில் பாசாரில் நுழைந்து, என் மனைவி சரோஜாவுக்குப் பிடிக்குமே என்று வாழைப்பூவோ கொத்துக் கீரையோ வாங்கி வருவார். வாசலிலேயே, "தங்கச்சி, வாத்தியாரு எழுந்தாச்சா, இல்ல இன்னும் கனவுல பாடம் நடத்துறாரா?" என்று சத்தம் போடுவார். பதினோரு மணி வரை பேசிக்கொண்டிருப்போம். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

"அண்ணன் ஏன் வரலை?" என்று சரோஜா கேட்டாள்.

"தோத்துட்டாங்கல்ல, அந்த ரோஷம்," என்றேன்.

அவளுக்கு நான் உண்மையைச் சொல்லவே இல்லை. ராமையா ரோஷக்காரர் என்று நம்பிக்கொண்டேதான் அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் இறந்த அன்று அவர் வந்தார். கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று, பெட்டி வண்டியில் ஏறும்வரை கைகூப்பியபடி இருந்துவிட்டு, என்னிடம் பேசாமல் போனார்.

அந்தப் போட்டிக்கு அடுத்த வருடத் திருவிழாவுக்குத் திகாம் பத்துக்காரர்களில் பாதிப் பேர் வரவில்லை. அதற்கடுத்த வருடம் அவர்கள் தங்கள் வீடுகளுக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்டு ஒரு சின்னக் கோவில் கட்டித் தனியாகத் திருவிழா எடுத்தார்கள். இப்போது எங்கள் தேருக்குப் பின்னால் எந்தக் குழுவும் வருவதில்லை. முன்னால் மட்டும் சத்தம். அந்தப் பிரிவு முழுவதும் என்னால் வந்தது என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே இருந்த விரிசல்தான். ஆனால் அதை ஒட்டுவதற்கு ஒரு நாள் வாய்த்தது. அந்த நாளில் மைக் என் கையில் இருந்தது.

மகன் மெல்பர்னில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவான். மற்ற நாள்களில் வீட்டில் கேட்கும் சத்தம் மின்விசிறியும் பக்கத்து வீட்டு நாயும்தான். சனிக்கிழமை காலையில் மட்டும் மோட்டார் சைக்கிள் சத்தம் எது கேட்டாலும் காது தானாகப் போய்விடுகிறது. இத்தனை வருடம் ஆகியும்.

கம்பிக் கதவு

இந்த வருடத் திருவிழாவுக்கு முன்னால் கோவில் தலைவரைப் போய்ப் பார்த்தேன். நடந்ததை முழுவதும் சொல்லி, "திருவிழா அன்றைக்கு மைக்கில் ஐந்து நிமிடம் கொடுங்கள்," என்று கேட்டேன்.

அவர் தாடையைத் தடவினார். "சார், சுடா லா, போதும் விடுங்க. முடிஞ்சு போன கதை. இப்ப அதைக் கிளறுனா, ஜெயிச்ச பையனுங்க சும்மா இருப்பானுங்களா? ஒங்க பேருக்கும் நல்லாருக்காது சார்."

"என் பேரைப் பற்றிக் கவலை இல்லை."

"எங்களுக்கு இருக்கு சார். நீங்க நம்ம தோட்டத்துப் பெருமை."

மைக் கிடைக்கவில்லை.

அந்த ஆறு மார்க்குகளும் என் பழைய மடிக்கணினியில் அப்படியே கிடந்தன. சீட்டை எரித்தேனே தவிரக் கோப்பை அழிக்கவில்லை. அதைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை திகாம் பத்துக்குப் போனேன். தூரத்தில் ஜெராய் மலை முக்கால்வாசி மேகத்தில் இருந்தது.

ராமையாவின் மகள் பரிமளாதான் வந்தாள். கம்பிக் கதவைத் திறக்காமலே என்னைப் பார்த்தாள்.

"வாங்க மாமா. இப்பதான் வழி தெரிஞ்சுச்சா?"

"தெரிந்த வழிதான் அம்மா."

அவள் கதவைத் திறந்தாள். ராமையா ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. நான்தான் என்று குரலை வைத்துக் கண்டுகொண்டார். என்னை உட்காரச் சொன்னார். "ஒக்காருங்க," என்றார். ஐம்பது வருடமாக 'டா' போட்டவர்.

தாளை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அப்போதே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் தாளை வாங்கவில்லை.

"எனக்கு எதுக்குங்க இது? ரெண்டும் எரநூத்தி நாப்பத்தாறு. எனக்கு அன்னைக்கே தெரியும். தெரியாதவங்க அங்க ஒக்காந்திருந்தாங்களே, அவங்களுக்குச் சொல்லுங்க."

தலைவர் மைக் கொடுக்க மறுத்ததைச் சொன்னேன். அப்போதுதான் பரிமளா, "மாமாதான் பத்திரிகையில வாரா வாரம் எழுதுறாரேப்பா. இங்க எல்லா வீட்டுலயும் வாங்குறாங்க," என்றாள்.

ராமையா மகள் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "எழுதட்டும். ஆனா பேரை மாத்தக் கூடாது. கிராணி ராமையான்னே போடணும். போடுறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டணும்," என்றார்.

போன வாரம் இந்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். பரிமளா உரக்கப் படித்தாள். அந்த இரண்டு கிண்டல் வார்த்தைகளும் வந்த இடத்தில் அவள் குரல் தடுமாறியது. அவர் கையை அசைத்து மேலே படிக்கச் சொன்னார். சரோஜாவிடம் நான் சொன்ன பொய் வந்தபோது மட்டும், "தங்கச்சிக்குமா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. எங்கேயோ பார்த்துக் கேட்டார்.

படித்து முடிந்ததும், "ஏதாவது மாற்றணுமா?" என்று கேட்டேன்.

"நடந்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார். "ஆனா 'என் கூட்டாளி ராமையா'ன்னு நாலு எடத்துல வருது. அதை எடுத்துருங்க."

பரிமளா தலையைக் குனிந்துகொண்டாள். நான் சரி என்றேன். அவர் எழுந்து சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். நாலு இடம்தான். நாலையும் எடுத்துவிட்டேன்.